விடுவதற்கும் வேண்டும் ஆற்றல்

நாம் கற்றதும் கல்லூரியில் கற்பிப்பதும் தமிழ் இலக்கியம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே அறிவியல் நூல்களைப் பழைய தாள் கடையில் எடைக்குப் போட்டவர் நாம். அத்தகைய ஒருவர் உயிரணுவுக்குள் நிகழும் வேதிவினை பற்றி எழுதத் துணிவது மிகை என்று நண்பர்கள் கருதக்கூடும். கற்றதைக் காட்டும் ஆசையால் எழுதவில்லை. ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் தைத்துக் கிடந்த ஒரு முள்ளை ஒரு பள்ளிப் பாடநூல் எடுத்துப் போட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை. பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

ஆத்தூர் என்றதும் சேலத்து ஆத்தூரை நினைப்பவரே மிகுதி. எங்கள் ஆத்தூர் திண்டுக்கல் மாவட்டத்தில் செம்பட்டிக்கு அருகே, கீழ்ப்பழனி மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ளது. குடகனாற்று நீரைத் தேக்கும் காமராசர் அணையைச் சொன்னால் சிலருக்கு விளங்கும். அங்கே நம் தந்தையாருக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிச் சிறிது நிலமும் இருந்தன. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. கிணறு வறண்டது, தென்னைகள் தலை கவிழ்ந்தன, கடன் மிஞ்சியது. அடுத்த ஆண்டு நிலத்தை விற்றோம். விற்கச் சொன்னவர் நாம், கையெழுத்திட்டவர் அவர். அதன் பின் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

2018 சித்திரையில் ஒருநாள் இரவு உண்டபின் முன்வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் காலையில் எழவில்லை. தோளில் எப்போதும் கிடக்கும் காந்திகிராமத்துக் கதர்த் துண்டு அவர் வலக்கைக்குள் இருந்தது. விரல்கள் அதன்மேல் மூடியிருந்தன. வந்த மருத்துவர், உயிர் பிரிந்து ஐந்தாறு மணிநேரம் ஆகியிருக்கும் என்றார். வாயைக் கட்டவும் கால்களைச் சேர்த்துக் கட்டைவிரல்களைப் பிணைக்கவும் பெரியவர்கள் பட்ட பாடு நம் கண்ணில் இன்னும் நிற்கிறது. துண்டை எடுக்க முயன்றார்கள், வரவில்லை. அப்போது சித்தப்பா சொன்னார்:

"மண்ண வித்த ஆத்தாமைப்பா. பிடிச்ச பிடிய விடாமப் போயிட்டாரு. இழுக்காதீங்க, துண்டோடயே போகட்டும்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். துண்டோடுதான் போனார் தந்தையார். ஆனால் அச்சொல் நம்மோடு தங்கிவிட்டது. வகுப்பில் நிலையாமை பற்றிய பாடல்களைப் பல்லாண்டு நடத்தியவர் நாம். பற்று அறுத்தல் குறித்து ஒரு மணிநேரம் தடையின்றிப் பேசவும் வல்லோம். எனினும் அந்த மூடிய கையை நினைக்கும்போதெல்லாம் அது நம்மைக் குற்றஞ்சாட்டுவதாகவே தோன்றியது.

சென்ற ஆண்டு நம் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படித்தாள். தமிழ்வழிக் கல்வி. கலைச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அகராதியைப் பாராமல் நம்மைக் கேட்பது அவள் வழக்கம். ஒருநாள் தசை பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, செத்த பிறகு ஏடிபி தீர்ந்துபோறதாலதான் தசை விறைக்குதாம். தாத்தா கை அதனாலதானா?" என்றாள். நமக்கு ஏடிபி என்றால் என்னவென்றே தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அன்று இரவே அவளது நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த நாளை நான்கு மாதமாக நீண்டது. நம் கல்லூரியின் வேதியியல், விலங்கியல் துறை நண்பர்கள் இருவர் பொறுமையோடு நமக்கு ஆசிரியராயினர்.

ஏடிபி என்பது அடினோசின் டிரைபாஸ்பேட் என்பதன் சுருக்கம். அடினோசின் என்னும் ஒரு தலை, அதன் பின்னே ஒன்றையொன்று பற்றிய மூன்று பாஸ்பேட்டுகள். இம்மூன்றும் எதிர்மின் சுமை உடையவை. ஒரே வகை மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது நமக்கே நினைவிருக்கும் பள்ளிப்பாடம். ஒருவரையொருவர் பிடிக்காத மூவரை ஒரே திண்ணையில் நெருக்கி உட்கார்த்தியது போன்ற அமைப்பு இது. கடைசிப் பாஸ்பேட்டு நீரின் துணையோடு கழன்றால் ஏடிபி, இரண்டே பாஸ்பேட்டு உள்ள ஏடிபியாக, அதாவது அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறுகிறது. குழப்பம் வேண்டாம், இதை இனி 'இருபாஸ்பேட்டு' என்றே எழுதுகிறோம். கழன்ற பாஸ்பேட்டும் இருபாஸ்பேட்டும் முன்னைவிட அமைதியான நிலையை அடைகின்றன. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலில்தான் நாம் மூச்சு விடுகிறோம், நடக்கிறோம், இவ்வரிகளை எழுதுகிறோம்.

இவ்விடத்தில் நாம் முதலில் பிழையாகப் புரிந்துகொண்டோம். பாஸ்பேட்டுப் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, தேங்காயை உடைத்தால் நீர் வருவதுபோல் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வருகிறது என்று எண்ணினோம். வேதியியல் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் ஆற்றல் செலவாகுமே ஒழிய வரவாகாது. உடைந்தவை நீரோடு சேர்ந்து புதிதாக அமையும் நிலை முன்னைய நிலையைவிடத் தாழ்ந்ததாய் இருப்பதால்தான் மொத்தக் கணக்கில் ஆற்றல் மிஞ்சுகிறது என்றார். வேதியியலார் வகுத்த திட்ட நிலையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 30 கிலோஜூல். உயிரணுவுக்குள் இது இன்னும் மிகுதி.

அப்படியானால் ஏடிபி ஏன் தானாகவே சிதைந்து தீர்ந்துவிடவில்லை? நீரில் கரைத்துச் சும்மா வைத்தால் அது எளிதில் குலைவதில்லை. இறங்குவதற்குச் சரிவு உண்டு. ஆனால் சரிவுக்கு முன்னே ஒரு மேடு உண்டு. அம்மேட்டைத் தாழ்த்தி வழிவிடுவதே நொதியின் வேலை. நொதி என்னும் சொல் நொதித்தல் என்பதிலிருந்து வந்தது. மாவு புளிப்பதும் கள் நுரைப்பதும் நொதித்தலே. 'என்சைம்' என்ற மேலைச் சொல்லும் 1870களில் செருமானிய அறிஞர் கியூனே கிரேக்க வேரிலிருந்து அமைத்தது. 'புளிமத்தின் உள்ளே' என்பது அதன் பொருள். இரு மொழியும் ஒரே பானைக்குள்தான் எட்டிப் பார்த்திருக்கின்றன.

ஆனால் வழிவிடுவது மட்டும் போதாது. ஏடிபி வெறுமனே உடைந்தால் கிடைப்பது வெப்பம் மட்டுமே. அந்த இறக்கத்தை ஒரு வேலையோடு பிணைத்தாக வேண்டும். இதை நமக்கு விளக்கியது எந்த நூலும் அன்று. தந்தையார் சொன்ன கமலைக் கதை.

நாம் அறிவு தெரிந்தபோது எங்கள் கிணற்றில் பம்புசெட்டு வந்துவிட்டது. கமலைக்குக் கல் நட்ட இடம் மட்டும் இருந்தது. தந்தையார் இளமையில் கமலை ஓட்டியவர். மாடுகள் கிணற்றோரத்து மேட்டிலிருந்து சரிவில் இறங்கும். அவற்றின் நுகத்தடியில் கட்டிய வடம் உருளைமேல் ஓடிச் சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் உள்ள தோல்தும்பி வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். மாடு இறங்க, நீர் ஏறும். ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். பின் மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேற, வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். "வடம் அறுந்தாலும் மாடு எறங்கத்தான் செய்யும். தண்ணிதான் வராது" என்பார் தந்தையார்.

ஏடிபி உடைவது மாடு இறங்குவது. நொதிதான் வடம். சால் என்பது உயிரணு செய்ய வேண்டிய வேலை. மாடு மீண்டும் மேடேறுவதைப் போல இருபாஸ்பேட்டு மறுபடி ஏடிபியாக வேண்டும். அதற்குத்தான் உணவும் உயிர்ப்பும். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றுறுப்பில் அவ்வேலை நடக்கிறது. எந்த நேரத்திலும் நம் உடலில் இருக்கும் ஏடிபி மிகச் சிறிய அளவே. ஆனால் ஒரு நாளில் உடைந்து மீண்டும் உருவாகும் ஏடிபியைக் கூட்டினால் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வரும் என்கிறார்கள். சேமிப்பு என்பதே இல்லாத அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு.

இந்த வடம் கட்டும் கலையில் ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வகை. எக்சோகைனேசு என்னும் நொதி குளுக்கோசைப் பிடித்து, ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டை அதன்மேல் ஏற்றுகிறது. குளுக்கோசு வந்து அமர்ந்ததும் அந்நொதி இரு கை கூப்புவதுபோல் மூடிக்கொள்கிறது. அவ்வாறு மூடுவதால் நீர் உள்ளே புக இயலாது. பாஸ்பேட்டு நீருக்குப் போய் வீணாகாமல் குளுக்கோசுக்கே சேர்கிறது. இன்னொரு நொதி உயிரணுவின் சவ்வில் நிற்கிறது. ஒரு ஏடிபியை உடைத்து மூன்று சோடிய அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-இல் வெளியிட்டார். நாற்பது ஆண்டு கழித்து 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்ந்திருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்பதற்கு இந்த இறைப்பும் ஒரு முதன்மைக் காரணம். இதுவும் ஒரு கமலைதான்; இரவு பகல் நிற்காத கமலை.

இந்த ஏடிபியைக் கண்டவர் யார் என்று தேடியபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. 1929-இல் இருவேறு இடங்களில் அது கண்டறியப்பட்டது. ஓரிடம் செருமனி, கண்டவர் கார்ல் லோமன். மற்றோரிடம் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி. கண்டவர்கள் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்துக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளில் நன்கு தேறியும் முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் கப்பலேறினார். பாஸ்டனில் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார்.

அக்காலத்தில் தசையின் ஆற்றலுக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது நிலைபெற்ற கொள்கை. அத்துறை ஆய்வுக்காக ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தேடிச் சென்றது கொள்கையை அன்று. குருதியிலும் திசுவிலும் பாஸ்பரசு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழியை. 1925-இல் அவர்கள் வெளியிட்ட அம்முறை, சேர்மத்தில் நீலநிறம் எவ்வளவு அடர்கிறது என்று பார்த்து அளப்பது. உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அவ்விருவர் பெயராலேயே அதைக் கற்கின்றனர். அந்த நீலத்தைக் கூர்ந்து பார்த்தபோதுதான், தசையில் எளிதில் சிதையும் ஒரு பாஸ்பேட்டுச் சேர்மம் இருப்பது தெரிந்தது. தசை உழைக்கும்போது அது குறைகிறது, ஓய்வில் மீள்கிறது. அதுவே பாஸ்போகிரியேட்டின், அறிவித்த ஆண்டு 1927. இரண்டாண்டு கழித்து ஏடிபி. 1930-இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சிறிது நேரம் சுருங்குவதைக் காட்டினார். பழைய கொள்கை அதோடு சாய்ந்தது.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பணி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது, யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் இன்றும் வீடு வீடாகக் கொடுக்கப்படும் டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து ஆகியவை அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளின் பயன்கள். 1948-இல், 53 வயதில், தாயகம் திரும்பாமலே மறைந்தார். பாடநூல்களில் ஏடிபி ஆயிரம் முறை வருகிறது. நம் மகளின் நூலில் நாம் தேடியவரை சுப்பாராவ் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஒரு கதர் அங்கிக்காகப் பட்டம் இழந்தவரின் கண்டுபிடிப்பு, ஒரு கதர்த் துண்டைப் பற்றிய கையை நமக்கு விளக்கப் போகிறது என்பதை நாம் அப்போது அறியோம்.

இனி அந்தக் கைக்கு வருவோம்.

தசையிழைக்குள் ஆக்டின், மையோசின் என்று இருவகைப் புரத இழைகள் உள்ளன. மையோசினுக்குச் சிறுசிறு தலைகள் உண்டு. அத்தலைகள் ஆக்டினைப் பற்றி இழுப்பதால்தான் தசை சுருங்குகிறது. 1939-இல் சோவியத்து அறிஞர்கள் எங்கெல்கார்டும் லியூபிமோவாவும் ஓர் உண்மையைக் கண்டனர்: ஏடிபியை உடைக்கும் நொதி வேறெங்கும் இல்லை, மையோசினே அந்த நொதி. இழுக்கும் கையும் உடைக்கும் கருவியும் ஒன்றே.

பற்றி இழுப்பதற்குத்தான் ஆற்றல் செலவாகும் என்று யாரும் நினைப்போம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். நடப்பது வேறு. ஏடிபி இல்லாத நிலையில் மையோசின் தலை ஆக்டினை இறுகப் பற்றியே கிடக்கும். புதிய ஏடிபி ஒன்று வந்து தலையில் அமர்ந்தால்தான் அப்பிடி விடுபடும். விடுபட்ட பின்னரே தலை அந்த ஏடிபியை உடைத்து, நாணேற்றிய வில்போல் பின்சாய்கிறது. பின்பு ஆக்டினில் சற்றுத் தள்ளி வேறோரிடத்தைப் பற்றுகிறது, பாஸ்பேட்டை விடுகிறது, அப்போது இழுக்கிறது. பிறகு இருபாஸ்பேட்டும் நீங்க, மறுபடியும் இறுகிய பிடி. அடுத்த ஏடிபி வரும்வரை அப்பிடியிலேயே காத்திருக்கும். அதாவது, பிடித்திருப்பதற்கு எதுவும் வேண்டாம். விடுவதற்குத்தான் ஏடிபி வேண்டும்.

உயிர் பிரிந்த உடனே உடல் விறைப்பதில்லை. முதலில் எல்லாத் தசைகளும் தளர்ந்துவிடும். உயிர்ப்பு நின்றதால் மாடுகளை மேடேற்ற ஆளில்லை. எஞ்சிய ஏடிபியை நொதிகள் தம் போக்கில் உடைத்துக்கொண்டே இருக்கும். அது தீரத் தீர, மையோசின் தலைகள் ஒவ்வொன்றாகப் பற்றிய இடத்திலேயே நின்றுவிடும். சில மணிநேரத்தில் தாடை முதலிய சிறு தசைகளில் விறைப்புத் தோன்றி, அரைநாளில் உடல் முழுதும் பரவும். ஒன்றிரண்டு நாளில் அது தளர்வதும் உயிர் மீண்டதால் அன்று, புரத இழைகளே சிதைவதால். வாயையும் காலையும் உடனே கட்ட வேண்டும் என்று நம் முன்னோர் விரைந்ததன் காரணம் இதுவே. ஏடிபியின் பெயர் அறியார். அது தீரும் நேரத்தை அறிந்திருந்தனர்.

இதைப் படித்து முடித்த இரவு நூலை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். தந்தையார் உறங்கும்போது துண்டு கையருகே கிடந்திருக்கும். என்றும் அப்படித்தான் உறங்குவார். உயிர் பிரிந்தபோது அவர் கை தளர்ந்தே இருந்திருக்கும். விரல்கள் இறுகியது அதன் பின், மணிநேரங்கள் கழித்து. நாங்கள் காலையில் கண்ட பிடி அவர் பிடித்த பிடி அன்று. அது இறுகியபோது அவர் அங்கே இல்லை.

மறுநாள் மகளிடம், "ஆமாம்மா, அதனால்தான்" என்றோம். "அதைச் சொல்ல நாலு மாசமாப்பா?" என்றாள்.

நிலத்தை விற்றது சரியா என்பதற்கு ஏடிபி விடை சொல்லாது. அவர் மனத்தில் ஆற்றாமை இருந்ததா, இல்லையா என்பதை எந்த நொதியும் நமக்குச் சொல்லப் போவதில்லை. அது அவரோடு போயிற்று. ஆனால் அந்தக் கை அதற்குச் சாட்சி அன்று. இத்தனை ஆண்டும் பொய்ச்சாட்சி ஒன்றை நாமே கூண்டில் நிறுத்தி, நாமே தலைகுனிந்து நின்றிருக்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம், கமலையையும் சேர்த்து, ஒருவாறு சொன்னோம். எண்பதைத் தாண்டியவர். பொறுமையாகக் கேட்டார். கமலையைச் சொன்னபோது மட்டும் தலையசைத்தார். முடிவில் சற்று நேரம் பேசாமலிருந்து, பின் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏப்பா, நான் அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதையா இத்தன வருசமா நீ விடாம வச்சிருந்த?"